மடிப்பு இல்லாத இருபத்து நான்கு தாள்கள்

மரியே வாழ்க

விருத்தாசலம்,
நவம்பர் 14, வெள்ளி இரவு.

அன்புள்ள அம்மாவுக்குத் தென்றல் எழுதுவது. நானும் அப்பாவும் ஜோஸ்பின் அத்தையும் இங்கே உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். அங்கே போபாலில் நீயும் குளிருக்குக் காதை மூடிக்கொண்டு, வேளைக்குச் சாப்பிட்டு, நன்றாக இருக்க வேண்டும் என்று மாதாவிடம் தினமும் கேட்கிறேன். ஞாயிறுதோறும் ஃபோனில் பேசுகிறோமே, இப்போது எதற்குக் கடிதம் என்று உனக்குத் தோன்றும். ஃபோன் அப்பாவுடையது, பேசும்போதெல்லாம் ஸ்பீக்கரில்தான் இருக்கும், அத்தை பக்கத்திலேயே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பார். உன்னிடம் மட்டும் சொல்ல வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. 27ஆம் தேதி உன் புரொபசர் வேலை நேர்காணலுக்கு முன்னால் அது உனக்குத் தெரிந்தாக வேண்டும். அவர்கள் இரண்டு பேரும் தூங்கின பிறகு சமையலறை விளக்கைப் போட்டுக்கொண்டு எழுதுகிறேன், அப்பா இருமும்போதெல்லாம் அணைத்துவிடுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் மன்னித்துக்கொள். முதலில் வீட்டுச் செய்திகளைச் சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் எனக்குக் கொஞ்சம் தைரியம் வரும்.

அப்பாவுக்குச் சூளை வேலை இரண்டு ஷிப்டாக மாறியிருக்கிறது. மழைக்காலம் என்பதால் வார்த்து வைத்த பொம்மைகள் சீக்கிரம் காயமாட்டேன் என்கின்றன, ஈரத்தோடு சூளையில் வைத்தால் வெடித்துவிடும் என்று முதலாளியிடம் சண்டை போட்டாராம். இருமல் குறைந்திருக்கிறது, ஆனால் நீ வாங்கிக் கொடுத்த முகக்கவசத்தைப் பீங்கான் பொம்மை யூனிட்டில் ஆணியில் மாட்டி வைத்திருக்கிறார், மூக்கில் மாட்டுவது இல்லை. ஞாயிற்றுக்கிழமை நீயே கேள், நான் சொன்னதாகச் சொல்லாதே. அத்தைக்குக் கண்ணாடி வந்துவிட்டது. போட்டுக்கொண்டு முதலில் என் முகத்தைத்தான் பார்த்தார், "ஏண்டி, மூக்குக்குக் கீழ மச்சம் இருக்குது, எனக்கு இத்தினி நாளு தெரியவே இல்லையே" என்றார். இன்றைக்குக் குழந்தைகள் தினம், பள்ளியில் மிட்டாய் கொடுத்தார்கள், நம் தெரு வெண்மதி மாறுவேடப் போட்டியில் மருத்துவராக வந்து ஸ்டெதஸ்கோப்பைத் தலைகீழாக மாட்டியிருந்தாள். நேர்காணலுக்குப் போகிற அன்று நீ சாப்பிடாமல் போவாய் என்று எனக்குத் தெரியும், போன தடவையும் அப்படித்தான் மயக்கம் வந்தது. இரண்டு இட்லியாவது சாப்பிட்டுவிட்டுப் போ. தலைக்குக் குளித்தால் நன்றாகக் காயவைத்துவிட்டுப் போ.

நேர்காணல் கடிதம் வந்தது என்று நீ சொன்னதும் அப்பா அதை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லி, யூனிட்டில் ஒருவர் விடாமல் காட்டியிருக்கிறார். இனிமேல் தன்னைப் புரொபசர் வீட்டுக்காரர் என்றுதான் கூப்பிட வேண்டுமாம். ஆனால் ராத்திரி சாப்பிடும்போது அவர் பேசியது வேறு மாதிரி இருந்தது. நல்லூரில் நீ பள்ளிக்கூடத்து டீச்சராக இருந்துகொண்டு எம்.எட். படித்தது, பிஎச்.டி. ஆய்வேட்டைத் தட்டச்சு செய்யும்போது நான் உன் மடியில் உட்கார்ந்து பொத்தானை அழுத்தி ஒரு பக்கம் முழுக்க ஒரே எழுத்தாக நிரப்பி வைத்தது, வாய்மொழித் தேர்வு நடந்த அறைக்கு வெளியே அவர் லட்டுப் பெட்டியோடு மூன்று மணி நேரம் நின்றது, பிறகு ஒன்பது வருடம் பி.எட். கல்லூரிகளில் நிரந்தரம் இல்லாத வேலையாகவே மாறி மாறிப் பார்த்தது, எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னார். "ஒவ்வொரு வருசமும் ஜூன் மாசம் ஆனா உங்கம்மா தூங்க மாட்டா, திரும்பக் கூப்பிடுவாங்களா மாட்டாங்களான்னு. இப்பதான் போபால்ல ஒரு காலேஜுல நிலையா உக்காந்திருக்கா. இந்தத் தடவை கெடச்சிடும், ஆராய்ச்சி சொந்தமா செஞ்சிருக்கால்ல" என்றார். நான் என் தட்டை எடுத்துக்கொண்டு கழுவப் போய்விட்டேன்.

கோடை விடுமுறையில் நான் அங்கே வந்தபோது உன் ஆராய்ச்சி முறையியல் வகுப்பில் என்னைக் கடைசி பெஞ்சில் உட்காரவைத்தாயே, அதை நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். நம் ஊரிலிருந்து எடுத்துப் போன கோப்பை ஒன்றை மேசைமேல் வைத்து, பார்த்ததை எழுதுங்கள் என்றாய். எல்லோரும் உடைந்த கோப்பை என்று எழுதியிருந்தார்கள். நீ அதில் தண்ணீர் ஊற்றினாய், ஒரு சொட்டுக்கூட ஒழுகவில்லை. மேல்பூச்சில்தான் கோடு, கோப்பை உடையவில்லை, நீங்கள் பார்த்தது கோடு, உடைந்தது என்பது நீங்கள் சேர்த்துக்கொண்டது என்றாய். இந்தியும் ஆங்கிலமும் கலந்து நீ பேசியதில் எனக்குப் பாதிதான் புரிந்தது, ஆனால் அந்த வகுப்பில் யாரும் கைபேசியைப் பார்க்கவில்லை. இவர் என் அம்மா என்று பக்கத்தில் இருந்த அக்காவிடம் சொல்ல வேண்டும்போல இருந்தது. அன்றைக்கு ராத்திரி ரொட்டி சுட்டுக்கொண்டே இன்னொன்றும் சொன்னாய். உன்னிடம் படித்த ஒருவர் பள்ளிகளுக்கே போகாமல் மரத்தடியில் உட்கார்ந்து வினாத்தாள்களைத் தானே நிரப்பிக் கொண்டு வந்தாராம், ஒரே மாதிரி டிக் விழுந்திருந்ததைப் பார்த்துக் கண்டுபிடித்தாயாம். அவருக்கு இரண்டு குழந்தைகள், காலில் விழுந்தார், ஆனாலும் முதலிலிருந்து தொடங்கச் சொல்லிவிட்டேன் என்றாய். "தானே நிரப்புன தாளு ஒன்னு கலந்தாலும் கட்டு மொத்தமும் போச்சு, தென்றல். எந்தத் தாளை நம்பறது?" என்றாய். சொல்லும்போது உன் கண் கலங்கியிருந்தது, ரொட்டி கருகிவிட்டது.

அம்மா, அந்த வேலையை நானும் செய்திருக்கிறேன். உன் ஆராய்ச்சிக் கட்டுக்குள் விருத்தாசலத்திலிருந்து வந்த நாற்பத்தொரு தாள்களில் இருபத்து நான்கு நான் நிரப்பியவை.

நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன். செப்டம்பர் முதல் வாரம் உன் உதவியாளர் பிரேம்நாத் அண்ணன் உன் ஆராய்ச்சிக்காக எங்கள் பள்ளிக்கு வந்து, ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வினாத்தாள் கொடுத்தார் இல்லையா, பிள்ளைகள் யாரிடம் கேள்வி கேட்கிறார்கள் என்பது பற்றி. நீ ஆராய்ச்சி செய்பவரின் மகள், நீ நிரப்பக் கூடாது என்று எனக்கு மட்டும் கொடுக்கவில்லை. அடியில் பெற்றோர் கையெழுத்து வேண்டும் என்பதால் எல்லோரும் வீட்டுக்கு எடுத்துப் போனார்கள். அவருக்கு அன்று ராத்திரியே பட்டியலில் அடுத்திருந்த மங்களூர்ப் பள்ளிக்குப் போக வேண்டியிருந்ததால், மறுநாள் வாங்கி எண்ணி உறையில் போட்டு ஒட்டி அப்பாவிடம் கொடு, கூரியரில் அனுப்பிவிடுவார் என்று என்னிடம் சொன்னார். நீயும் ஃபோனில், எண்ணி மட்டும் வை, ஒன்றைக்கூடப் படிக்காதே, அது அந்தப் பிள்ளைகள் எனக்குச் சொன்னது என்றாய். நான் படிக்கவில்லை. சத்தியமாகப் படிக்கவில்லை. நாற்பத்தொன்று எண்ணி, உறை சின்னதாக இருந்ததால் என் மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு, பள்ளி விட்டதும் நேராக யூனிட்டுக்குப் போனேன்.

அங்கேதான் தப்பு நடந்தது. நீ ஊருக்குப் போன பிறகு வந்த பழக்கம் இது, உனக்குத் தெரிந்திருக்காது. அத்தை பேக்கிங் பிரிவில் பொம்மைகளைக் காகிதத்தில் சுற்றிப் பெட்டியில் அடுக்குகிறார், அவருக்குக் காகிதம் எப்போதும் போதாது. அதனால் என் பழைய பரீட்சைத் தாள், வகுப்பில் மற்றவர்களுடையது, எல்லாவற்றையும் வாங்கி அதே மஞ்சள் பையில் போட்டு வாராவாரம் அவர் மேசையில் வைத்துவிடுவேன். "உன் மார்க்கு எல்லாம் பொம்மைக்குச் சட்டையா போவுதுடி" என்று சிரிப்பார். அன்றைக்குக் கொலுப் பொம்மை லோடு, சென்னைக்குப் போகிற லாரி வாசலில் நின்று ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது. நான் பையை மேசையில் வைத்துவிட்டு அப்பாவைத் தேடிச் சூளைப் பக்கம் போனேன். அவர் சூளையைத் திறக்கும் நேரம், பக்கத்தில் போகக் கூடாது, காத்திருந்தேன். திரும்பி வரும்போது லாரி போய்விட்டது. அத்தை வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "வாடி என் தங்கமே, நீ வரலைன்னா இன்னிக்கு அவமானம்தான். இன்னிக்குப் பேப்பரு நல்லா கெட்டியா இருந்துச்சு, ஒத்தைத் தாளுலயே ஒரு பொம்மை நிக்குது" என்றார். பைக்குள் பதினேழு தாள்தான் இருந்தது.

அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்ல வாய் திறந்தேன் அம்மா. ஆனால் அந்த வாரம்தான் நீ எனக்கு அனுப்பின சுவெட்டரை அத்தை வெந்நீரில் துவைத்து அது சுருங்கிப்போயிருந்தது, அதற்கே இரண்டு நாள் அழுதிருந்தார். "படிச்சவங்க வூட்டுல நான் எதைத் தொட்டாலும் தப்பாத்தான் போவுது. அண்ணி என்ன நெனப்பாங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். மூன்று வருடமாக எனக்குத் தலை பின்னிவிடுகிறவர் அவர். அவரிடம், அத்தை, நீங்கள் சுற்றி அனுப்பியது அம்மாவின் ஆராய்ச்சி என்று எப்படிச் சொல்வது. கூடுதலாக இருக்கட்டும் என்று பிரேம்நாத் அண்ணன் விட்டுப்போன வெற்றுத் தாள்கள் முப்பது என்னிடம் இருந்தன. கூரியர் இரண்டு நாள் கழித்துப் போகலாம் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு, இரண்டு ராத்திரி உட்கார்ந்து நிரப்பினேன். நான்கு பேனா வைத்துக்கொண்டேன், சிலவற்றை இடது கையால் எழுதினேன். பெற்றோர் கையெழுத்தும் நான்தான் போட்டேன். மூன்று தாளில் கைரேகை இருக்கும், அது என் கட்டைவிரல். அதற்குப் போலீசில் பிடித்துப் போவார்களா என்று எனக்குத் தெரியவில்லை, யாரிடமும் கேட்கவும் முடியவில்லை. பள்ளிக்குப் போகும் வழியில் ஸ்டேஷனைக் கடக்கும்போது எதிர்ப்பக்கமாக நடக்கிறேன்.

முதலில் ஒழுங்காகத்தான் செய்ய நினைத்தேன். இது வெண்மதி, அவள் என்ன சொல்வாள், இது மகேஸ்வரி, அவள் எதற்கும் பயப்பட மாட்டாள் என்று ஒவ்வொருத்தியையும் நினைத்துக்கொண்டு டிக் போட்டேன். ஏழு, எட்டுத் தாள் வரைக்கும் அப்படி முடிந்தது. பிறகு தூக்கம் வந்தது, யாருடைய முகமும் ஞாபகத்துக்கு வரவில்லை. 'வகுப்பில் புரியாததை ஆசிரியரிடம் கேட்பேன்' என்றால் எப்போதும் கேட்பேன் என்று போட்டேன், ஏனென்றால் நான் கேட்பேன். 'மனதில் இருப்பதை வீட்டில் கேட்பேன்' என்றால் ஒருபோதும் இல்லை என்று போட்டேன். கடைசியில், கேட்க நினைத்துக் கேட்காமல் விட்ட கேள்வி ஒன்றை எழுது என்று இருந்ததே, அதற்கு ஒவ்வொரு தாளிலும் என்ன எழுதினேன் என்று சரியாக ஞாபகம் இல்லை. வந்ததை எழுதினேன்.

இதெல்லாம் யாருக்கும் தெரியாமல் மறைந்துவிடும் என்று நினைத்தேன். பன்னிரண்டு பள்ளி, ஐந்நூறு தாள், அதில் இருபத்து நான்கு என்ன செய்துவிடும் என்று நினைத்தேன். போன ஞாயிறு நீ பேசியதைக் கேட்ட பிறகுதான் எனக்குத் தூக்கம் போனது. நீ அவ்வளவு சந்தோஷமாகப் பேசி நான் கேட்டதே இல்லை. "மத்த பதினொரு ஸ்கூல்லயும் பிள்ளைங்க டீச்சருக்குப் பயப்படறாங்க. நம்ம ஊருல மட்டும் டீச்சர்கிட்ட நல்லா கேக்கறாங்க, வூட்டுலதான் வாயைத் தொறக்கறது இல்ல. ஏன்னு புரியல. இதைத்தான் இன்டர்வியூல சொல்லப் போறேன்" என்றாய். அப்பா பெருமையாகத் தொடையைத் தட்டினார். பிறகு ஒரு தாளில் இருந்ததைப் படித்துக் காட்டினாய். எல்லோரும் என்னைக் கெட்டிக்காரி என்கிறார்களே, எனக்கு ஒன்று புரியவில்லை என்றால் வீட்டில் யாரிடம் சொல்வது என்று இருந்தது. "யாரு பெத்த பிள்ளையோ, ஊருக்கு வந்தா அதைத் தேடிப்போயி ஒரு நாளு உக்காந்து பேசணும்" என்றாய். அத்தை முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் தண்ணீர் குடிக்கப் போவதுபோல எழுந்து போய்விட்டேன்.

அம்மா, நம் ஊர்ப் பிள்ளைகள் வீட்டில் பேசுவது இல்லை என்பது நிஜமா என்று எனக்குத் தெரியாது. அந்த இருபத்து நான்கு பேரும் நான் ஒருத்திதான். உண்மையான இருபத்து நான்கும் கொலுப் பொம்மைகளோடு சென்னைக்குப் போய், யார் யார் வீட்டிலோ பிரித்துக் கசக்கிப் போட்டிருப்பார்கள். நீ சொன்னபடி படிக்காமல் இருந்ததால், அவற்றில் என்ன இருந்தது என்று ஞாபகத்திலிருந்தாவது எழுதித் தரக்கூட எனக்கு வழி இல்லை. மறுபடி அவர்களிடம் தாள் கொடுத்து வாங்கலாமா என்று யோசித்தேன். ஆனால் உன்னைக் கேட்காமல் நானாக இனி எதுவும் செய்யப் போவதில்லை.

எது எது என்று கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது, அது எனக்கு நேற்றுத்தான் தோன்றியது. வகுப்பில் எல்லோரும் தாளை நான்காக மடித்து ஜாமெட்ரி பாக்ஸிலும் புத்தகத்திலும் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோனார்கள், அந்த மடிப்பு போகாது. என்னுடையவற்றைக் கசங்கக் கூடாது என்று அட்டைக்கு நடுவில் வைத்து, மடிக்காமலே அனுப்பினேன். மடிப்பு இருக்கிற பதினேழும் நிஜமானவை. மடிப்பு இல்லாத இருபத்து நான்கையும் எடுத்துவிடு. பதினேழு தாள் போதாது, நம் ஊர்ப் பள்ளியையே விட்டுவிட வேண்டும் என்றால் விட்டுவிடு. நேர்காணலில் இதைச் சொல்லாமல் வேறு எதைச் சொல்லி உனக்கு அந்த வேலை கிடைக்கும் என்று எனக்குத் தெரியவில்லை. பதினான்கு வருடம் நீ ஏறி வந்ததை இரண்டு ராத்திரியில் நான் கெடுத்துவிட்டேனோ என்று பயமாக இருக்கிறது. ஆனால் நீ தெரியாமல் போய் அதைச் சொல்லி, வேலையும் கிடைத்து, பிறகு ஒரு வகுப்பில் கோப்பையை மேசைமேல் வைத்து நிற்பதை நினைத்தால் இன்னும் பயமாக இருக்கிறது.

அந்த மரத்தடிக்காரருக்குச் செய்ததை எனக்கும் செய். முதலிலிருந்து தொடங்கு என்று சொன்னால் தொடங்குகிறேன். ஒரே ஒரு விண்ணப்பம். அத்தையின் பெயர் இதில் எங்கேயும் வர வேண்டாம், பையை மேசையில் வைத்தது நான்தான், அவர் எப்போதும் செய்கிறதைத்தான் செய்தார். பிரேம்நாத் அண்ணனையும் திட்டாதே, வந்த அன்று அவர் நம் வீட்டில் ஆறு இட்லி சாப்பிட்டுவிட்டு, மேடத்திடம் நான்கு என்று சொல்லுங்கள் என்று அத்தையிடம் கெஞ்சினார், நல்லவர்.

இன்னும் ஒன்று. அந்த இருபத்து நான்கையும் கட்டிலிருந்து எடுக்கத்தான் வேண்டும், ஆனால் எடுத்ததும் கிழித்துப் போட்டுவிடாதே. ராத்திரி வேலை முடிந்து தனியாக இருக்கும்போது கடைசிக் கேள்விக்கு எழுதியிருப்பதை மட்டும் படி. ஒன்றில், பெரிய பெண்ணான அன்று உன்னைக் கேட்க நினைத்ததை எழுதி, பிறகு அடித்துவிட்டு வேறு எழுதியிருக்கிறேன். விளக்குக்கு நேராகப் பிடித்தால் அடித்ததும் தெரியும். ஆராய்ச்சிக்கு அவை உதவாது. உனக்கு உதவும்.

நாளைக்குப் பள்ளிக்குப் போகும்போது இதை ஸ்பீடு போஸ்டில் போட்டுவிடுகிறேன், உன் முகவரியை நீ அனுப்பின சுவெட்டர் பெட்டியிலிருந்து எழுதிக்கொண்டேன். நாலைந்து நாளில் கிடைக்கும் என்கிறார்கள். கர்த்தர் உன்னோடு இருந்து உனக்குச் சுகமும் நல்ல வார்த்தையும் தரட்டும், எனக்கு நீ எப்போதும் நெற்றியில் போடுகிற சிலுவையை அங்கிருந்தே போட்டுவிடு. மறக்காமல் ஒன்று செய் அம்மா. கடிதம் கைக்கு வந்த பிறகு பேசும்போது ஸ்பீக்கரில் எதுவும் சொல்லாதே, தென்றல்கிட்ட ஃபோனைக் குடுங்க என்று மட்டும் சொல். நான் அதை எடுத்துக்கொண்டு மொட்டைமாடிக்குப் போய்விடுகிறேன். நீ திட்டி முடிக்கிற வரைக்கும் ஃபோனை வைக்க மாட்டேன், நீயும் வைத்துவிடாதே.

என்றும் உன் அன்பு மகள்,
அ. தென்றல்,
ஒன்பதாம் வகுப்பு.